வெடிச்சத்தம் இல்லாத தீபாவளி: வேட்டங்குடிக் கண்மாய்களின் கதை

இன்னைக்கு எபிசோடுல செட்டிநாட்டுப் பக்கம் போறோம். ஆனா பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், சமையல் இதெல்லாம் கிடையாது. காரைக்குடியில இருந்து மதுரை போற வழியில, திருப்பத்தூரைத் தாண்டினதும் வர்ற மூணு கண்மாய்களைப் பத்திப் பேசப்போறோம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சுற்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்துல பழைய சர்ச்சுகளைச் சுத்தி இருக்கிற கல்லறைத் தோட்டங்கள் காட்டுயிர்களுக்கு ஒரு புகலிடம். ஸ்காட்லாந்துல ஃபார்ட்டிங்கல்னு ஒரு கிராமம். அங்க சர்ச் வளாகத்துல நிக்கிற யூ மரத்தோட வயசை ஆயிரக்கணக்கான வருஷம்னு மதிப்பிடறாங்க. காரணம் எளிமையானது. அந்த மண்ணுல ஏர் ஓட்டல, யாரும் பிளாட் போடல. 'இது சும்மா இருக்கட்டும்'னு ஒரு ஊர் முடிவு பண்ணின இடத்துல, மனுஷங்களோட சேர்ந்து மத்த உயிர்களும் தங்கிடுது. நம்ம ஊர்ல கோயில்காடுகள் இப்படித்தான் பிழைச்சுது. சிவகங்கைச் சீமையில இன்னும் ஒரு படி மேல போய், மண்ணை மட்டும் இல்லாம சத்தத்தையும் விட்டுக்கொடுத்த ஒரு ஊர் இருக்கு.

கொள்ளுக்குடிப்பட்டி. மதுரையில இருந்து சுமார் 50 கிலோமீட்டர். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூணு கண்மாய்களும் சேர்ந்ததுதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர். அரசு அறிவிச்சது 1977-ல. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, இராக்கொக்கு எல்லாம் கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேல மரங்கள்ல கூடு கட்டும்.

இந்த ஊர் மக்கள் பல பத்து வருஷமா தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்ல. கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் கிடையாது. தீபாவளி சமயத்துல வனத்துறை ஊருக்கு வந்து இனிப்பு கொடுத்து நன்றி சொல்றது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. நாட்டுக்கே பட்டாசு அனுப்புற சிவகாசி, மதுரைக்கு அந்தப் பக்கம்தான் இருக்குங்கறதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

ஏன் இவ்வளவு கவனம்? காலண்டரைப் பாத்தா புரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிக்குது. கண்மாய் நிறையுது, மீனும் நத்தையும் பெருகுது. அதை நம்பித்தான் பறவைகள் ஜோடி சேர்ந்து கூடு கட்டுது. தீபாவளி சரியா அந்த நேரத்துலதான் வருது. ஒரு சரவெடி வெடிச்சா தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பிடும். அந்த ரெண்டு நிமிஷம் காக்காய்க்குப் போதும், முட்டை போயிடும். சத்தம் தொடர்ந்தா, மொத்தக் கூட்டமும் அந்த இடத்தையே கைவிட்டுடலாம்.

இதுல ஊருக்கும் கணக்கு இருக்கு. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணி வயலுக்கு நல்ல உரம். நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்னும். அதனால இதை வெறும் பாசம்னும் சொல்ல முடியாது, வெறும் லாபம்னும் சொல்ல முடியாது. ரெண்டும் சேர்ந்த ஒரு ஒப்பந்தம்.

இந்த மாதிரி ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. வேடந்தாங்கல்ல வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டப்போ, ஊர்க்காரங்க கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்ட முறையிட்டாங்க. 1790-களோட கடைசியில, ஏரியைப் பாதுகாக்கற உரிமையை எழுத்துல வாங்கினாங்க. 1858-ல அதைப் புதுப்பிச்சாங்க. நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல. அதாவது ஊர் முன்னாடி போச்சு, சட்டம் பின்னாடி வந்துச்சு.

அதே 1858-ல இன்னொரு சட்டமும் வந்துச்சு: சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் கூடி கண்மாய் தூர்வாரி, கரையைப் பலப்படுத்துற வேலைக்குப் பேர் குடிமராமத்து. கம்பெனி ஆட்சி வருவாயை உறிஞ்சி, ஊர் நிர்வாகத்தை உடைச்சதும் அந்தப் பழக்கம் நலிஞ்சுது. தானா நடந்த வேலையை அப்புறம் சட்டம் போட்டுக் கேட்டாங்க. பழைய பழக்கம் அப்படியே திரும்பி வரல.

என்னோட முக்கியமான கவலை இங்கதான் இருக்கு. சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறவங்களுக்கு ஒண்ணு தெரியும்: ஒரு சிஸ்டம் ஒழுங்கா ஓடற வரைக்கும், அது எதையெல்லாம் நம்பி ஓடுதுன்னு யாரும் கேக்கறதில்ல. வேட்டங்குடியோட எல்லை 38.4 ஹெக்டேர்தான். ஆனா நாரை அதுக்குள்ளயே சாப்பிடறதில்ல. இரை தேடி சுத்துப்பட்டு வயலுக்கும் மத்த கண்மாய்களுக்கும் பறந்து போய், குஞ்சுகளுக்குத் தூக்கிட்டு வரும். அந்தக் கண்மாய்களுக்கு சரணாலயம்னு போர்டு கிடையாது. அதுங்களோட வரத்துக்கால் அடைஞ்சு, உள்ள சீமைக்கருவேலம் மண்டிப்போனா, கொள்ளுக்குடிப்பட்டி எவ்வளவு அமைதியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. மழை பொய்க்கற வருஷத்துல பறவை வராததும் இதனாலதான். கூட்டைக் காப்பாத்துறது ஒரு ஊரால முடியும். இரையைக் காப்பாத்த அந்தப் பகுதியோட மொத்தக் கண்மாய்ச் சங்கிலியும் வேணும்.

சிவகங்கைப் பக்கம் கோடையில தண்ணி வத்துறப்போ பல கண்மாய்கள்ல மீன்பிடித் திருவிழா நடக்கும். சுத்துப்பட்டு ஜனம் ஊத்தா, கச்சாவோட இறங்கி மீன் பிடிக்கும். மழைக்காலத்துல நாரைக்குச் சோறு போடற கண்மாய்தான் கோடையில மனுஷனுக்கும் போடுது. அதனால கண்மாயைத் தூர்வாரணும்னு சொல்றது பறவைக்காக மட்டும் இல்ல.

கொள்ளுக்குடிப்பட்டியில ஒவ்வொரு வருஷமும் புதுசா சில குழந்தைங்க பட்டாசு கேக்கற வயசுக்கு வருவாங்க. ஒவ்வொரு வருஷமும் யாராவது அவங்களுக்குக் காரணத்தைச் சொல்லிப் புரிய வைக்கணும். இந்தச் சரணாலயத்தோட உண்மையான வேலி அந்தப் பேச்சுதான்.

டிசம்பர், ஜனவரியில காரைக்குடி டிரிப் போறீங்கன்னா, ஒரு மணி நேரம் இங்கயும் ஒதுக்குங்க. பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க. ஊருக்குள்ள நுழையும்போது ஹாரன் அடிக்காதீங்க, ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிடுங்க. திரும்பி வர்ற வழியில தெரியற மத்த கண்மாய்கள்ல தண்ணி இருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.