பட்டடை

பட்டறை என்னும் சொல் நம் காதில் விழாத நாளில்லை. சென்னைக்குத் தெற்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை எனக் கடலோரமாய் நீளும் சாலையில் செல்வோர் வெல்டிங் பட்டறையையும் டிங்கர் பட்டறையையும் அறிவர். கோயில் அறிவிப்புகளிலோ இளையோர் பட்டறை, நாடகப் பட்டறை, மறைக்கல்வி ஆசிரியர்க்கான பயிற்சிப் பட்டறை என்று கேட்கிறோம். நாற்காலிகளும் ஒலிபெருக்கியும் தேநீரும் உள்ள அவ்விடங்களில் இரும்பை எங்கே தேடுவது? ஆயினும் இச்சொல்லின் பிறப்பிடம் கொல்லனின் உலைக்களமே. பட்டடை என்பதே பட்டறை எனத் திரிந்தது.

பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டால் பற்றி எடுத்து வைக்க, மேலிருந்து சம்மட்டி இறங்க, கீழே நின்று தாங்கும் கட்டியே பட்டடை. உலைக்கல் என்றும் அடைகல் என்றும் அதற்குப் பெயருண்டு. இப்பெயர்களில் உள்ள 'கல்' ஊன்றி நோக்கத்தக்கது. இரும்பை அடிக்க இரும்பு கிடைக்கும் முன்னர்க் கல்லே அப்பணியைச் செய்தது. 'அடை' என்பதும் நமக்குப் புதிதன்று. சாயும் பானைக்கு இன்றும் அடை கொடுக்கிறோம் அல்லவா? கீழிருந்து தாங்குவது என்னும் அக்கருத்தே இச்சொல்லின் கிளைகள் பலவற்றிலும் ஓடுகிறது. தானியத்தில் ஈரம் ஏறாதபடி அடியில் பரப்பும் வைக்கோலும் பட்டடைதான். பெரம்பலூர்ப் பக்கத்து உழவர் சின்ன வெங்காயத்தைத் தரையில் படாமல் உயர்த்திக் காற்றோட்டமாய்ச் சேமிக்கும் அமைப்புக்கு வெங்காயப் பட்டறை என்று பெயர். சிலப்பதிகார உரையிலோ இச்சொல் இசையரங்கிற்கே ஏறிவிடுகிறது. ஏழு நரம்புகளுள் இளிக்குப் பட்டடை என்று பெயர். எல்லாப் பண்ணுக்கும் அதுவே அடிமணை என்பது காரணம். அடிபடும் கல்லின் பெயரை இன்னிசையின் அடித்தளத்துக்கு இட்டவர் செவி கூரிய செவியாகத்தான் இருந்திருக்க வேண்டும்!

புறநானூற்றின் 170-ஆம் பாடலில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், பிட்டங்கொற்றன் என்னும் தலைவனைப் பகைவர் நெருங்க வேண்டாம் என எச்சரிக்கிறார். கருங்கைக் கொல்லன் விசையோடு வீசும் கூடத்தை எதிர்த்து நிற்கும் உலைக்கல் போன்றவன் அவன் என்பது புலவர் தரும் உவமை. கூடம் என்பது இங்குச் சம்மட்டி. எத்தனை அடி விழுந்தாலும் நிலைபெயராமை அங்கே வீரம். வள்ளுவரிடம் வந்தாலோ அதே பொருள் முகம் மாறிவிடுகிறது. கூடா நட்பு அதிகாரத்தின் முதற் குறளில், உள்ளம் பொருந்தாமல் நண்பர்போல் நடிப்பவரின் உறவைப் பட்டடை என்கிறார். தாங்குவதுபோல் கீழே இருக்கும். தக்க சமயம் வாய்த்ததும், எறிவதற்கு இடமாகிவிடும். சம்மட்டியை மட்டுமே குற்றம் சொல்லிப் பழகியவர்கள் நாம். கீழே பட்டடை இல்லையேல் மேலிருந்து விழும் அடிக்கு வலிமை ஏது என்பதை இக்குறள் நினைவூட்டுகிறது.

ஒன்று வீரனுக்கு உவமை; மற்றொன்று வஞ்சகனுக்கு. இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு திருநூலைத் திறப்போம்.

எசாயா 41:7-இல் சிலை செய்வோரை இறைவாக்கினர் எள்ளி நகையாடுகிறார். சுத்தியலால் மெருகிடுபவன் பட்டடைமேல் அடிப்பவனை ஊக்கப்படுத்துகிறானாம். அங்கே உள்ள எபிரேயச் சொல் 'பாஅம்'. காலடி என்றும், தடவை என்றும் வேறிடங்களில் பொருள்படும் இச்சொல் இவ்வோரிடத்தில் பட்டடையைக் குறிக்கிறது. புனித எரோணிமுசார் இலத்தீனில் பெயர்த்தபோது, 'அவ்வேளையில் அடித்துக்கொண்டிருந்தவனை' என்று எழுதினார். பட்டடை பொழுதாகிவிட்டது! யோபு நூலிலோ இதற்கு மாறாக நேர்ந்தது. லிவியத்தானின் நெஞ்சம் எந்திரத்தின் அடிக்கல் போல் கடினமானது என்கிறது எபிரேய மூலம். கிரேக்க, இலத்தீன் பெயர்ப்புகளில் கொல்லனின் பட்டடை வந்து அமர்ந்தது.

திருச்சபையின் தொடக்க கால எழுத்துகளில் பட்டடைக்கு உயர்ந்த இடம் தந்தவர் அந்தியோக்கு ஆயர் புனித இஞ்ஞாசியார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பத்துப் படைவீரர் காவலில் உரோமைக்குச் சாகக் கொண்டுசெல்லப்பட்ட வழியில், சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்புக்கு அவர் ஒரு மடல் வரைந்தார். அடிக்கப்படும் பட்டடையைப் போல் உறுதியாய் நில் என்பது அதன் மூன்றாம் அதிகாரத்தில் அவர் தரும் அறிவுரை. தாமோதரனாரின் உலைக்கல்லும் இதுவும் ஒரே உலைக்களத்தவை எனலாம்.

இவ்வரியை எடுத்து, எல்லாரையும் பார்த்து, பட்டடைபோல் பொறுத்திருங்கள் என்னும் போதனை ஒலிப்பதுண்டு. நாம் அதனை ஏற்பதற்கில்லை. விலங்கிடப்பட்ட ஓர் ஆயர், பொறுப்பில் இருந்த இன்னோர் ஆயருக்கு எழுதியது அது. கூலி மறுக்கப்பட்ட தொழிலாளிக்கோ, குடித்துவிட்டு வரும் கணவனிடம் இரவுதோறும் அடிபடும் பெண்ணுக்கோ எழுதியதன்று. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கைம்பெண்களைப் புறக்கணியாதே, ஆண்டவருக்கு அடுத்து நீயே அவர்களுக்குக் காவலன் என்கிறார் இஞ்ஞாசியார். அடிகளை மேய்ப்பன் தாங்கட்டும், மந்தைக்குக் காவல் கிடைக்கட்டும் என்பதே மடலின் போக்கு. அதைப் புரட்டி, அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் 'பொறுத்துக்கொள் அம்மா' என்று கூறி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர், இஞ்ஞாசியாரின் பட்டடையைப் போதிப்பதாக எண்ணிக்கொண்டு வள்ளுவரின் பட்டடையாகிவிடுகிறார். ஆதரவுபோல் கீழே நின்று, அடி விழ இடம் கொடுப்பவர் அவரே.

உவமைகளை விட்டு உண்மையான கொல்லனைக் கண்டவர் சீராக். அவரது ஞானநூலின் 38-ஆம் அதிகாரத்தில் உழவன், குயவன் ஆகியோரோடு பட்டடையருகே அமர்ந்த கொல்லனும் வருகிறான். நெருப்பின் அனல் அவன் உடலை வாட்டுகிறது. இரும்பின்மீதும் தான் செய்யும் பொருளின் வடிவத்தின்மீதும் அவன் கண் நிலைத்திருக்கிறது. மன்றங்களில் அவனுக்கு இடமில்லை, ஆனால் அவனின்றி நகர் இல்லை என்கிறார். சம்மட்டியின் ஓசை அவன் காதைத் தாக்குகிறது என்பதையும் அவர் விட்டுவிடவில்லை.

நம் நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என்று நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி வாங்கிப் பட்டடைக்குத் தர, பட்டடை அதனை அங்கவடிக்குத் தர, அங்கிருந்து உட்செவிக்கு ஒலி செல்கிறது. சீராக் இதனை அறிந்தவரல்லர். ஆயினும் உரத்த ஓசையை ஆண்டுக்கணக்கில் கேட்பவரின் உட்செவி மயிரணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. கடற்கரைச் சாலையின் பட்டறைகளில் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் இளைஞர்கள் பெரும்பாலும் காதில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.