டூ-ஸ்ட்ரோக் சைலன்சரும் பந்தயமும்: சோப்பாவ் முதல் ஓசூர் வரை

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கோ ஆலங்குடிக்கோ போகும் சாலையில் பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 ஒன்று கடந்து சென்றால், வண்டியைப் பார்க்காமலே அதன் பெயரைச் சொல்லிவிடுபவர்கள் இன்றும் உண்டு. அந்த ஒலிக்குக் காரணம் 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினும் அதன் சைலன்சரும். சைலன்சர் என்பது சத்தத்தைக் குறைத்துப் புகையை வெளியேற்றும் குழாய் என்றே பலரும் எண்ணுகிறோம். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் அது எஞ்சினின் ஓர் உறுப்பு. அதன் உள்வடிவத்தை முன்வைத்து நடந்த போட்டி, மோட்டார் சைக்கிள் பந்தய வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்று.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒருமுறை எரிதல் நிகழும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் நிகழும். அதே அளவு எஞ்சினில் கூடுதல் சக்தி கிடைக்க வேண்டும். ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும்போது புகைபோக்கி வாயும் திறந்தே இருக்கும். எரியாத கலவையில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடும். இதைத் தடுக்க வந்ததுதான் விரிந்து பின் குறுகும் கூம்புக் குழாய். வெளியேறும் புகையின் அழுத்த அலை விரியும் கூம்பை அடைந்ததும் ஓர் இழுவிசை உண்டாகி, சிலிண்டரில் மிஞ்சிய புகையை உறிஞ்சும். குறுகும் கூம்பில் மோதும்போது அலை திரும்பி வந்து, தப்பியோடிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். இதற்கு அசையும் பாகம் எதுவும் தேவையில்லை. ஒரே நிபந்தனை, குழாயின் நீளத்துக்குப் பொருந்திய சுழற்சி வேகத்தில்தான் இது சரியாக வேலை செய்யும்.

இந்தக் குழாயை முழுமைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரில் இருந்த எம்.இசட் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். பணமும் நல்ல உலோகமும் அரிதாக இருந்த நாடு அது. கூம்புக் குழாய், சுழல்தட்டு வால்வு, கூடுதல் கலவை வழி ஆகியவற்றைச் சேர்த்து, 1961இல் 125 சிசி எஞ்சினிலிருந்து ஏறத்தாழ 25 குதிரைத்திறனை அவர் எடுத்தார். கால் நூற்றாண்டு கழித்து நம் தெருவுக்கு வந்த ஆர்.எக்ஸ்.100 தந்தது சுமார் 11 என்பதை வைத்துப் பார்த்தால் அந்தச் சாதனை புரியும்.

அவ்வாண்டு 125 சிசி உலகப் பட்டப் போட்டியில் எம்.இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் முன்னணியில் இருந்தார். செப்டம்பரில் சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயத்தில் எஞ்சின் பழுதானது. டெக்னர் நாடு திரும்பவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் காரின் பின்பெட்டியில் மறைத்து மேற்கு ஜெர்மனிக்குக் கொண்டுவரப்பட்டனர். பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸுக்குப் போயிற்று. ஆனால் பெரிய இழப்பு பட்டமன்று. 1960இல் மேன் தீவுப் பந்தயத்துக்கு முதன்முறை வந்து பின்வரிசையில் முடித்த சுசுகி, இப்போது டெக்னரை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது. காடனின் நுட்பமும் அவரோடு போயிற்று. 1962இல் தொடங்கிய 50 சிசி உலகப் பட்டத்தை முதல் ஆண்டிலேயே சுசுகி வண்டியில் டெக்னர் வென்றார். ஜப்பானின் சுசுகா பந்தயத் தடத்தில் அவர் விழுந்த வளைவு இன்றும் டெக்னர் வளைவு என்றே அழைக்கப்படுகிறது. காடன் எம்.இசட்டிலேயே தங்கிவிட்டார். திருட்டு என்று இதைச் சொல்வதில் தவறில்லை. ஆயினும் காடனின் அறிவுக்குத் தொழிற்சாலையும் முதலீடும் கிடைத்தது ஜப்பானில்தான்.

யமஹாவும் இதே டூ-ஸ்ட்ரோக் வழியில் சென்று 1964இல் 250 சிசி பட்டத்தைப் பிடித்தது. ஃபோர்-ஸ்ட்ரோக்கை நம்பிய ஹோண்டாவுக்கு எதிராக இந்த இரு நிறுவனங்களும் நின்றன. அந்தப் பகை 1980களில் இந்தியாவுக்கு 100 சிசி வடிவில் வந்து சேர்ந்தது. டிவிஎஸ்ஸுடன் இணைந்து 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வெளிவந்தது. அடுத்த ஆண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்.எக்ஸ்.100ஐயும், ஹீரோ நிறுவனம் ஃபோர்-ஸ்ட்ரோக் ஹோண்டா சி.டி.100ஐயும் கொண்டுவந்தன. சிக்கனத்தைச் சொல்லி விற்றது ஹோண்டா; வேகத்தைச் சொல்லி விற்றவை மற்ற இரண்டும்.

வேகத்தைக் காட்டத் தமிழ்நாட்டில் இடம் இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. பந்தயத்துக்காகக் கட்டப்படாத அந்தச் சிமெண்டுத் தளத்தில்தான் பல ஆண்டுகள் இந்தியப் பந்தயம் வளர்ந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. 1982இல் தொடங்கிய டிவிஎஸ் ரேசிங், நிறுவனமே நடத்தும் பந்தய அணி என்பதை இந்தியாவில் நிலைநிறுத்தியது. 1993இல் வந்த டிவிஎஸ்-சுசுகி ஷோகன் 108 சிசியில் 14 குதிரைத்திறன் தந்தபோது, யமஹாவுக்கு ஓசூர் தந்த பதிலாகவே இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

குழாயின் நிபந்தனை இங்கேதான் திரும்பி வந்து இடித்தது. பந்தயத்தில் எஞ்சின் எப்போதும் உச்ச வேகத்தில் சுழலும். பேருந்து நிலைய நெரிசலில் அது முடியாது. அப்போது அலை நேரத்துக்குத் திரும்பாது, எரியாத பெட்ரோல் தெருவுக்குப் போகும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. ஆர்.எக்ஸ்.100 உற்பத்தி நின்ற 1996இல்தான் காடனும் இறந்தார். உலகப் பந்தயத்தின் உச்சப் பிரிவு 2002இல் 500 சிசி டூ-ஸ்ட்ரோக்கிலிருந்து 990 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறியது.

அதற்கு முந்தைய ஆண்டே டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிந்தன. கடன் வாங்கிய வரைபடங்கள் இனி இல்லை. 2001இல் ஓசூர்ப் பொறியாளர்கள் சொந்தமாக வடிவமைத்த ஃபோர்-ஸ்ட்ரோக் விக்டரும், 2006இல் அப்பாச்சியும் வந்தன. 2013இல் பி.எம்.டபிள்யூவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2017இல் அப்பாச்சி ஆர்.ஆர்.310 வெளியானது. 2022 முதல் அந்த வண்டியை மட்டுமே கொண்டு ஆசிய அளவில் ஒரு பந்தயத் தொடர் நடக்கிறது. ஒரு காலத்தில் ஜப்பானிலிருந்து எஞ்சினைப் பெற்ற ஊர், இப்போது ஆசிய வீரர்களுக்குப் பந்தய வண்டி கொடுக்கிறது.

2011இல் சென்னையைச் சேர்ந்த சரத் குமார் 125 சிசி உலகத் தொடரில் ஓட்டினார். அந்தத் தொடரில் இந்தியர் ஒருவர் பங்கேற்றது அதுவே முதன்முறை. மஹிந்திராவும் அதே ஆண்டு அந்தப் பிரிவில் நுழைந்தது. டெக்னர் பட்டத்தை இழந்த அதே 125 சிசி பிரிவு அது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அதில் ஓடிய கடைசி ஆண்டும் அதுதான்.