சாந்தோம் கரையில் ஓலையும் அச்சும் ஒலியும்

முன்னுரை

அறிவியலும் தொழில்நுட்பமும் மனிதரின் சிந்தனையை மாற்றி வருகின்றன என்று இன்று எல்லோரும் பேசுகிறோம். ஆயினும் அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதனால் உயர்பவர் யார், ஒதுக்கப்படுபவர் யார் என்னும் வினாக்களைத் திருச்சபையில் நாம் போதிய அளவு எழுப்புவதில்லை. புதிய கருவி ஒன்று வரும்பொழுது, அதனை நற்செய்திப் பணிக்குப் பயன்படுத்தலாமா, கூடாதா என்ற அளவில் நம் விவாதம் நின்றுவிடுகின்றது. நாம் கருவியைக் கையாளும்பொழுதே அது நம்மையும் மாற்றுகின்றது என்பதை மறந்துவிடுகிறோம். இதனை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னையின் சாந்தோம் கரையில் நின்று கடந்த ஐந்நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்ப்பதே போதுமானது.

1. கல்லும் கப்பலும்

திருத்தூதர் தோமா மயிலாப்பூரில் அடக்கம் பண்ணப்பட்டார் என்னும் மரபு மிகப் பழமையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்தைச் சார்ந்த மார்க்கோ போலோ அக்கல்லறையைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். அச்சிட்ட நூல் எதுவும் இல்லாத காலத்தில் வாய்மொழியும் திருப்பயணமும் கல்லும் அந்நினைவைக் காத்தன. 1547-இல் பரங்கிமலையில் கண்டெடுக்கப்பட்ட, பாலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை, பாரசீகத் திருச்சபையோடு இக்கரைக்கு இருந்த உறவுக்குச் சான்றாக விளங்குகின்றது.

1520-களில் போர்த்துக்கீசியர் இங்குக் குடியேறினர். பெருங்கடல் கடக்கும் கப்பலும் பீரங்கியும் அவர்களுடைய வலிமை. 1545-இல் பிரான்சிஸ் சவேரியார் நான்கு மாதங்கள் இங்கே தங்கினார். 1606-இல் மயிலைத் தனி மறைமாவட்டம் ஆயிற்று. கடற்கரையிலிருந்த பழைய கபாலீச்சரம் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிவுற்றது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. சாந்தோம் பேராலய வளாகத்தில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. கருவியின் வலிமையை நற்செய்தியின் வலிமையென்று மயங்கிய காலம் அது. இதனை மூடி மறைப்பது வரலாற்றுக்கும் ஏலாது, விசுவாசத்திற்கும் ஏலாது.

2. ஓலையிலிருந்து தாளுக்கு

1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட, ஹென்ரிக்கே ஹென்ரிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் இந்நாட்டில் அச்சேறியது அதுவே முதன்முறை. ஆனால் அம்முயற்சி தொடர்ந்து வேரூன்றவில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் காலத்தில்தான் அச்சு ஓர் இயக்கமாயிற்று. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாயிருந்தன. அவற்றால் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் தாள் மிகுதியாகச் செலவாகும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றது. மறுபடியும் தாள் பற்றாக்குறை ஏற்படவே, அருகில் பொறையாற்றில் தாள் ஆலையும் நிறுவப்பட்டது. திருமறையின் பரவலுக்குப் பின்னால் ஈயமும் தாளும் மையும் பற்றிய இத்தனை கவலைகள் இருந்தன என்பது நினைவுகூரத்தக்கது.

சென்னைக்கு அச்சு வந்த விதம் வேறு. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபொழுது அங்கிருந்த அச்சுப்பொறி போர்க்கொள்ளையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அரசின் தாள்களையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்னும் ஏற்பாட்டின்பேரில் அது வேப்பேரியிலிருந்த பெப்ரீசியு ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1779-இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி அங்கிருந்து வெளிவந்தது. திருமறையும் அரசாணையும் ஒரே பொறியில் அச்சாயின. திருச்சபைக்கும் ஆட்சிக்கும் இருந்த உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அச்சு சிந்தனையை மாற்றிய வகையை இனி நோக்குவோம். ஓலை கிழியும் என்று அஞ்சி ஏடெழுதுவோர் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களையும், ஒகர ஓகாரங்களையும் படிப்பவரே இடமறிந்து பிரித்துக்கொள்ள வேண்டும். சொற்களிடையே இடைவெளியும் இராது. எனவே ஏட்டைப் படிக்க ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்தே ஆக வேண்டும். நூலறிவு என்பது காதால் கேட்டு நெஞ்சில் நிறுத்துவதாகவே இருந்தது. வீரமாமுனிவரின் எழுத்துத் திருத்தம் அச்சில் நிலைபெற்றது; புள்ளியும் சொற்பிரிப்பும் நிறுத்தக் குறிகளும் பக்க எண்களும் நாளடைவில் வந்து சேர்ந்தன. ஆசிரியரின்றித் தனியே அமர்ந்து வாய்க்குள் படிக்கும் வாசகர் தோன்றினார். இரு நூல்களை அருகருகே வைத்து ஒப்பிடவும், ‘இவ்வசனம் எங்கே உள்ளது?’ என்று போதகரையே கேட்கவும் அவருக்கு இயன்றது. அதிகாரம் மனிதரின் வாயிலிருந்து நூலின் பக்கத்திற்கு இடம் மாறிற்று.

3. அச்சு யாருக்கு உரியது?

அச்சு தம் பணிக்கே ஊழியம் செய்யும் என மறைப்பணியாளர் எண்ணினர். வரலாறு வேறு வழியில் சென்றது. 1835-இல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டம், உரிமம் பெற்றே அச்சகம் நடத்த வேண்டும் என்ற தடையை நீக்கிற்று. 1844-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் சென்னையில் ‘கிரெசென்ட்’ இதழைத் தொடங்கி, மதமாற்றத்திற்கு அரசு துணைபோவதாகக் கண்டித்து எழுதினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1849-இல் வண்ணார்பண்ணையில் தம் சொந்த அச்சகத்தை நிறுவினார். நம் ஞானோபதேசத்தின் வினாவிடை முறையையே அவர் சைவ சமயம் கற்பிக்கப் பயன்படுத்தினார். பின்னர் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றினர். 1887-இல் கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் அச்சாயின. சங்க இலக்கியம் அச்சில் கிடைத்ததால் தமிழர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமே மாறிற்று. இருபதாம் நூற்றாண்டின் மொழியுணர்வும் அரசியலும் அந்த அச்சுத்தாள்களின்மேல் எழுந்தவை எனலாம்.

இவற்றினும் நம் மனச்சான்றைத் தொடுவது வேறொன்று. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையிலிருந்து ‘பறையன்’ என்னும் இதழை வெளியிட்டார். இழிவாக வழங்கப்பட்ட பெயரையே அவர் தலைப்பாக ஏந்தினார். 1907-இல், சாந்தோமுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. விலையே அதன் பெயரில் இருந்தது. ஒடுக்கப்பட்டோர் முற்காலத்தில் பௌத்தராயிருந்தவர் என்று அவர் எழுதினார். அக்கருத்தை ஏற்பினும் மறுப்பினும், தம் வரலாற்றைத் தாமே எழுதும் உரிமையை அவர் அச்சின் வழியே கைக்கொண்டார் என்பதை மறுக்க இயலாது.

மனிதர் யாவரும் கடவுளின் சாயல் என்று நாம் அச்சிட்டோம். அதே காலத்தில் நம் ஆலயங்கள் பலவற்றில் சாதிக்கொரு பக்கம் இருக்கை வகுத்திருந்தோம். அச்சிட்டதைப் படித்தவர்கள் இருக்கைகளையும் பார்த்தார்கள். அவர்களுள் பலர் விடுதலைக்கான சொல்லைத் திருச்சபைக்கு வெளியே தேடினர் எனில், அதற்கு அச்சுப்பொறியைக் குறை கூறுவது நேர்மையன்று.

4. மணற்பரப்பில் ஒரு குரல்

1924 ஜூலை 31 அன்று, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முடையால் 1927-இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வழியே மக்கள் இசை கேட்டனர். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது சாந்தோமுக்கு அருகே, கடலை நோக்கி நிற்கின்றது.

எழுத்தறியாதவரையும் எட்டியமை வானொலியின் சிறப்பு. 1960-களில் வானொலி வழியே தஞ்சை உழவரிடம் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கிற்று. ஆனால் அக்குரல் ஒருவழிக் குரல். கேட்பவர் மறுமொழி கூற இயலாது. பேசுபவர் கேட்பவரின் முகத்தைக் காண்பதில்லை. வானொலி அருளுரைகளை நாமும் விரும்பி ஏற்றோம். பேசுவதே தொடர்பு என்னும் பழக்கமும் அவற்றோடு நம்மிடம் வந்து தங்கிவிட்டது.

5. எச்சரிக்கை வராத காலை

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. உலகெங்கும் நிலநடுக்கக் கருவிகள் அதனைப் பதிந்தன. ஆழிப்பேரலைகள் சென்னைக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. சாந்தோமை அடுத்த பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடிசைகளுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வித எச்சரிக்கையும் வரவில்லை. வானொலி நிலையம் அதே கடற்கரையில்தான் இருந்தது. கருவி அறிந்ததை மீனவரின் வாசலுக்குக் கொண்டுசெல்லும் வழியை எவரும் அமைத்திருக்கவில்லை.

அதே காலையில் புதுச்சேரிப் பகுதியிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் வேறொன்று நிகழ்ந்தது. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் தம் ஊரை எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கு இயங்கிவந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பிற்று. ஏறத்தாழ 3,500 மக்கள் உயிர் பிழைத்தனர். மீனவர் நாள்தோறும் கடலின் நிலையைக் கேட்டறிவதற்காக அமைந்த ஒலிபெருக்கி அது. அவ்வூரை நினைத்த ஒருவரும், ஊராரின் கைக்கெட்டிய ஒரு கருவியும் சேர்ந்தபோது உயிர்கள் தப்பின. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது நற்செயலே. ஆனால் கடைசிக் குடிசைவரை செய்தி சேர்கின்றதா என்னும் வினா ஒவ்வொரு கருவிக்கும் புதிதாகவே எழுகின்றது.

முடிவுரை

2020-இல் பெருந்தொற்றின்போது ஆலயங்கள் மூடப்பட்டு, வழிபாடு கைப்பேசித் திரைக்கு வந்தது. கைப்பேசி இல்லாத வீடுகள் எத்தனை என்று நம் சபைகளுள் எத்தனை கணக்கெடுத்தன? இன்றோ அருளுரையையே கணினி எழுதித் தரும் காலத்தில் இருக்கிறோம். இதனை வெறுத்து ஒதுக்குவது விடையாகாது. ஓலையை விட்டு அச்சுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவ்வாறு கூற இயலாது. மயங்கி ஏற்பதும் விடையாகாது. சாந்தோமின் கல்வெட்டுத் துண்டுகள் அதனை எச்சரிக்கின்றன.

எக்கருவியையும் கையிலெடுக்குமுன் நாம் மூன்று வினாக்களைக் கேட்போமாக. இது யாருடைய குரலை ஒலிக்கச் செய்கின்றது? யாரை வெளியே நிறுத்துகின்றது? நாம் சொல்வதற்கும் நம் சபையின் வாழ்வுக்கும் உள்ள இடைவெளியை இது காட்டிக் கொடுக்கும்பொழுது, நாம் மனந்திரும்ப ஆயத்தமா?

சாந்தோம் யார் பெயரால் விளங்குகின்றதோ அவர், பிறர் கொண்டுவந்த செய்தியோடு நிறைவடையாது, ஆண்டவரின் காயங்களைத் தொட்டறிய விரும்பியவர். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. தம் காயங்களைக் காட்டினார். குரலும் எழுத்தும் திரையும் எத்துணை வளர்ந்தாலும், பிறருடைய காயத்தின் அருகே சென்று நிற்கும் கடமையை அவை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள மாட்டா. ஞாயிறு வழிபாடு முடிந்தபின் சீனிவாசபுரத்துக் குடிசை வாசலுக்கு நடந்து செல்ல வேண்டியவர்கள் நாமே.