பூட்டும் சாவியும்: வீடியோ கேம் மூலதனம் குறித்துச் சில குறிப்புகள்

1

ஆட்டத்தை வரலாறாக எழுதுவதில் நமக்குத் தயக்கம் உண்டு. சினிமா பற்றி எழுதலாம், கூத்து பற்றி எழுதலாம். பயல்கள் பட்டனைத் தட்டுகிற சமாச்சாரத்தில் எழுத என்ன இருக்கிறது என்று சிறுபத்திரிகைக்காரர்களே கேட்கிறார்கள். 2023 அக்டோபர் 13 அன்று மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. வீடியோ கேம் தொழிலில் அதுவரை நடந்த கைமாற்றங்களில் இதுதான் பெரியது. மூன்றரை மாதம்கூட ஆகவில்லை, 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போயிற்று. இவ்வளவு பணமும் இவ்வளவு பிழைப்பும் புரளுகிற இடத்தைப் பண்பாட்டு விமர்சனம் எட்டிக்கூடப் பார்க்காது என்றால், கோளாறு விமர்சனத்தில்தான் இருக்கிறது.

'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் இரண்டு போக்குகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு மூலதனம் தன் லாபத்தைத் திரும்பப் போட்டுத் தானாகப் பெருப்பது ஒன்று. ஏற்கெனவே இருக்கிற மூலதனங்களில் ஒன்று மற்றதை விழுங்கி, எல்லாம் ஒரே கைக்குப் போய்ச் சேர்வது மற்றொன்று. இரண்டாவதில் புதிதாக எதுவும் உற்பத்தியாக வேண்டியதில்லை. இருப்பதன் மீதான உரிமை கைமாறினால் போதும். வீடியோ கேம் தொழிலின் ஐம்பதாண்டு வரலாற்றை இந்த இரண்டாவது போக்கின் வரலாறாக வாசிக்க முடியும். அப்படி வாசிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்கிறேன்: கைமாறுகிற அந்த 'உரிமை' எதன் மீதான உரிமை?

இதை ரெட்டியார்சத்திரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகிற ரோட்டில் இருக்கிற ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போனது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு, சாவி என்பதெல்லாம் இலக்கியத்தில் உவமையாக வரும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது பிழைப்பு. வீடியோ கேம் வரலாற்றின் நடுவிலும் ஒரு பூட்டு இருக்கிறது. இது உவமை அல்ல, நிஜமான பூட்டு.

2

பூட்டுக்கு முன் ஒரு கலகம் நடந்தது. 1972-இல் தொடங்கிய அடாரி நிறுவனத்தை 1976-இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 2.8 கோடி டாலருக்கு வாங்கியது. அடாரியில் கேம் எழுதியவர்களுக்குச் சம்பளம் மட்டும் உண்டு. லாபத்தில் பங்கு கிடையாது, பெட்டியின் மேல் பெயரும் கிடையாது. வாரன் ராபினெட் என்ற நிரலாளர் 'அட்வென்ச்சர்' என்கிற கேமுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதில் தன் பெயரை எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். கோயில் கட்டிய சிற்பி தூணுக்குப் பின்னால் தன் முகத்தைச் செதுக்கிவைத்துவிட்டுப் போன மாதிரி. 1979-இல் அடாரியின் நான்கு நிரலாளர்கள் வெளியேறி, வேறொருவரோடு சேர்ந்து தனியாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அடாரியின் பெட்டியில் ஓடுகிற கேம்களை அடாரிக்கு வெளியிலிருந்து செய்து விற்றார்கள். எழுதியவர் பெயரைப் போட்டார்கள். பெட்டி செய்கிறவன் வேறு, கேம் செய்கிறவன் வேறு என்கிற ஏற்பாடு அதிலிருந்துதான் பிறக்கிறது.

அந்த நிறுவனத்தின் பெயர் ஆக்டிவிஷன்.

முதலாளியிடமிருந்து தப்பிப்பதற்காகத் தொடங்கியது, பிறகு தானே பல ஸ்டூடியோக்களை வாங்கிப் பெருத்தது. 2008-இல் விவெண்டியின் கேம் பிரிவோடு இணைந்தது. 2016-இல் கேண்டி கிரஷ் தயாரித்த கிங் நிறுவனத்தை வாங்கியது. கடைசியில் தானும் விழுங்கப்பட்டது. ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் கேண்டி கிரஷ் தட்டிக்கொண்டு வருகிறார் என்றால், அவர் விரல் படுவது இன்று மைக்ரோசாஃப்டின் சொத்தில். இதை ஆக்டிவிஷன்காரர்களின் துரோகம் என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் ஒன்றும் விளங்காது. இந்தத் தொழிலில் வெளியேறுகிறவனும் யாரோ ஒருவருடைய பெட்டியின் மேல்தான் நிற்க வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

3

வடஅமெரிக்காவில் 1983-க்கும் 1985-க்கும் இடையில் கேம் சந்தை சுமார் 320 கோடி டாலரிலிருந்து 10 கோடி டாலருக்குச் சரிந்ததாகக் கணக்கிடப்படுகிறது. யார் வேண்டுமானாலும் கேம் செய்து கொட்டலாம் என்றிருந்ததுதான் காரணங்களில் ஒன்று என்று ஜப்பானின் நிண்டெண்டோ முடிவு கட்டியது. 1983-இல் ஜப்பானில் வெளிவந்த அதன் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' பெட்டியில் பூட்டு கிடையாது. அதையே அமெரிக்காவுக்கு வேறு உருவில் கொண்டு போனபோது உள்ளே ஒரு சில்லு வைத்தார்கள். பெட்டிக்குள் இருப்பது பூட்டு. கேசட்டுக்குள் இருக்கிற அதன் இணைச் சில்லு சாவி. இரண்டும் ஒரே தாளத்தில் பேசிக்கொள்ளாவிட்டால் பெட்டி விட்டுவிட்டு அணைந்து எரியும், கேம் ஓடாது.

சாவி நிண்டெண்டோவிடம் மட்டும் இருந்தது. வெளி நிறுவனம் கேம் செய்யலாம். ஆனால் ஆண்டுக்கு ஐந்துதான், அதை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு பெட்டிக்குத் தரக்கூடாது, கேசட்டை நிண்டெண்டோதான் உற்பத்தி செய்யும் என்று நிபந்தனைகள். பழைய அடாரியின் ஒரு கிளை இந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்தது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போய், வழக்கு நடக்கிறது என்று பொய் சொல்லி, பூட்டின் நிரலை நகல் வாங்கியது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிண்டெண்டோவின் பக்கம் நின்றது. ஒரு நிறுவனத்தை வாங்காமலே அதன் மீது அதிகாரம் செலுத்த முடியும் என்பதை இந்தச் சில்லு நிரூபித்துவிட்டது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். நிண்டெண்டோவின் அனுமதியோடு 'சாமுராய்' என்ற பெயரில் இந்தியாவில் ஒரு பெட்டி விற்கப்பட்டதுண்டு. ஆனால் தொண்ணூறுகளில் திண்டுக்கல் வீடியோ கேம் கடைகளில் நான் பார்த்தவை அனுமதி கேட்காத பெட்டிகள். பூட்டு இல்லாத அந்த ஜப்பானியப் பெட்டியை நகலெடுத்து உருவானவை. பூட்டு இல்லாததால்தான் அவை பிறக்க முடிந்தது, நம் வரைக்கும் வர முடிந்தது. கேசட்டின் மேல் நூற்றறுபத்தெட்டு கேம் என்று எழுதியிருக்கும். உள்ளே ஏழெட்டுதான் வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும். கான்ட்ரா, மாரியோ, டாங்க். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிப் போடுவோம். மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. 'அண்ணே, இன்னும் அஞ்சே நிமிசம்ணே' என்று கெஞ்சினால் கடைக்காரர் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிடுவார். கேசட்டை வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பழசானால் பாதி விலைக்குத் தள்ளலாம். ஜாய்ஸ்டிக் போனால் ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் வைத்துக் கொடுப்பார்.

இதை ஒரு பொற்காலமாகக் கட்டமைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கடைகளில் பெண்பிள்ளைகள் ஒருவரும் நின்று நான் பார்த்ததில்லை. கேமைச் செய்தவர்களுக்கு நம் காசு ஒரு பைசாவும் போகவில்லை. திரையில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. நகலெடுக்கப்பட்ட சந்தை நம்மை நுகர்வோராக்கியதே தவிர, ஆட்டம் செய்கிறவர்களாக்கவில்லை. ஆனாலும் ஒரு விஷயம் அதில் இருந்தது: கைக்கு வந்த பொருளைத் திரும்பப் பிடுங்க எவனாலும் முடியாது.

4

கடைகள் போயின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை விழுந்தபின், கேம் கடை ஆளாளுக்குச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. 2018-இல் பப்ஜி மொபைல். தென்கொரிய நிறுவனத்தின் கேம். கைபேசி வடிவத்தைச் செய்து நடத்தியது சீனாவின் டென்சென்ட். இதே டென்சென்ட் 2012-இல் எபிக் கேம்ஸில் 40 சதவீதப் பங்கை வாங்கியது. ரயட் கேம்ஸை 2015-இல் முழுமையாகத் தன்வசமாக்கியது. 2016-இல் சூப்பர்செல்லின் பெரும்பங்கைத் தன் தலைமையிலான கூட்டு மூலம் பிடித்தது.

2020 செப்டம்பர் 2 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 118 செயலிகளுக்கு இந்திய அரசு தடை போட்டது. பப்ஜி அதில் ஒன்று. 2021 ஜூலையில் கிராஃப்டன் அதை வேறு பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் நின்றது. 2023 மே மாதம் திரும்பியது. தடை சரியா தவறா என்ற விவாதம் தனி. கவனிக்க வேண்டியது அது வேலை செய்த விதத்தை. கடை கடையாக ஏறி கேசட்டைப் பறிமுதல் செய்ய வேண்டிய அவசியமே அரசுக்கு இல்லாமல் போயிற்று. கோடிக்கணக்கானவர்களின் ஆட்டம் ஒன்றிரண்டு நிறுவனங்களின் கையில் சேர்ந்திருந்ததால், அந்த ஒன்றிரண்டு இடத்தில் சொன்னால் போதும். மூலதனத்தின் குவிப்பு அரசதிகாரத்துக்கும் வேலையை எளிதாக்குகிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பார்க்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும்.

அரசு தலையிடாத இடத்தில் நிறுவனமே அதைச் செய்கிறது. யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களிடமும் அது ஓடாது. அதை எதிர்த்து ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்திட்டார்கள். என் அக்கா மகனுக்கும் வேறொரு கேமில் இப்படி ஆயிற்று. வீரனுக்குச் சட்டை, துப்பாக்கி என்று பாக்கெட் காசை எல்லாம் அதில் போட்டிருந்தான். ஒருநாள் கேமே இல்லை. 'காசு குடுத்தேன்ல மாமா, அப்ப அது என்னோடதுதான?' என்று கேட்டான். சொத்துரிமை பற்றி இதைவிடத் தெளிவாகக் கேட்ட கோட்பாட்டாளரை நான் வாசித்ததில்லை.

5

விளையாடுகிறவன் கதை இப்படியென்றால், செய்கிறவன் கதை? 1997-இல் பெங்களூரில் ராஜேஷ் ராவ் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு கேம்களுக்குக் காரும் கட்டடமும் மரமும் வரைந்து கொடுத்து வளர்ந்தது. 2016-இல் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் அதன் பெரும்பங்கை வாங்கியது. 2018 டிசம்பரில் ஸ்டார்பிரீஸ் கடனில் சிக்கி நீதிமன்றத்துக்குப் போனது. 2019 மே மாதம் துருவாவை 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டாருக்கு விற்றது. துருவா ராக்ஸ்டார் இந்தியாவுக்குள் கரைந்தது. பெங்களூரில் உட்கார்ந்து படம் வரைகிறவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை. ஸ்டாக்ஹோமில் கடன் ஏறியது, இவருடைய பெயர்ப் பலகை மாறியது. மும்பையில் 1999-இல் தொடங்கிய இந்தியாகேம்ஸும் சீனாவின் டாம் ஆன்லைன், யுடிவி, டிஸ்னி என்று கைமாறியதுதான்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? 2024 செப்டம்பரிலிருந்து 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கைமாற்றங்கள், இந்தியாவில் கணிசமான வணிகம் இருந்தால், போட்டி ஆணையத்தின் முன்அனுமதி பெற வேண்டும். துருவாவின் விலை அன்றைய மதிப்பில் 55 கோடி ரூபாய் சுமார். பெரிய மீன் பெரிய மீனை விழுங்கும்போது மட்டும்தான் இந்த வலை அசையும். கூகுளின் பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக 2022 அக்டோபரில் அதே ஆணையம் 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது; 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது.

எல்லாம் இருட்டு என்று முடித்தால் அதுவும் பொய். 2023 ஜூலையில் டொரான்டோவின் விசை கேம்ஸ் 'வெண்பா'வை வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அழிந்துபோன சமையல் குறிப்பு, அம்மாவின் மொழியிலிருந்து விலகுகிற மகன். 2024-இல் அதற்கு பாஃப்டாவின் அறிமுகப் படைப்புக்கான விருது. அது வெளியான அன்றே மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தா சேவையிலும் கிடைத்தது. ஆக, அந்தப் பெரிய கதவு சின்னவர்களுக்கும் திறக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2025 அக்டோபரில் அதே சேவையின் உயர்ந்த சந்தாவை அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏற்றியபோது எந்தச் சின்ன ஸ்டூடியோவையும் கேட்டுக்கொண்டு ஏற்றவில்லை. கதவு யாருடையது என்பது அப்போது தெரியும்.

6

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். இத்தனை ஆயிரம் கோடி டாலரில் கைமாறுவது கதைகளோ பாத்திரங்களோ மட்டுமல்ல. திறக்கவும் மூடவும் உள்ள உரிமை. 1985-இல் பூட்டு பெட்டிக்குள் இருந்தது. சுற்றிப் போக வழியிருந்தது, அந்த வழியாகத்தான் ஆட்டம் திண்டுக்கல் வரை வந்தது. இன்று பூட்டு எங்கோ இருக்கிற சர்வரில். அதற்குப் பூட்டில்லாத ஜப்பானியப் பதிப்பு கிடையாது.

எனவே கோரிக்கையும் எளிமையானதுதான். கேமை மூடுகிற நிறுவனம், வாங்கியவர் தன்னளவில் ஓட்டிக்கொள்வதற்கான வடிவத்தைக் கொடுத்துவிட்டு மூட வேண்டும். நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் கேமைப் புத்தகம்போலச் சேர்த்துவைக்கச் சட்டம் இடம் தர வேண்டும். கைமாறும்போது உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை வேண்டும். இது புரட்சி ஒன்றும் இல்லை. நாகல்நகர் பட்டறையில் பூட்டு வாங்கினால் சாவியைச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். செய்தவரே சாவியை வைத்துக்கொண்டு, வேண்டும்போது வந்து கேளுங்கள் என்றால் அதை இந்த ஊரில் வியாபாரம் என்று சொல்ல மாட்டார்கள்.