ரோஜா கவாத்து: எந்த நாளில், எப்படி?

ஓசூர், பாகலூர், தேன்கனிக்கோட்டை பகுதிகளில் கொய்மலர் ரோஜா வைத்திருப்போருக்கு பிப்ரவரி 14 காதலர் தினச் சந்தைதான் பெரிய விற்பனை. வெட்டிய கிளை துளிர்த்துப் பூவாக 45 முதல் 60 நாள் ஆகும். நம் பகுதிக் குளிரில் 60 என்றே எண்ணுங்கள். ஏற்றுமதிப் பூ ஜனவரி கடைசியிலேயே கிளம்ப வேண்டும் என்பதால் அதற்கு நவம்பர் கடைசியிலும், உள்ளூர் சந்தைக்கு டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள்ளும் கவாத்து முடிய வேண்டும்.

முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். விலை சரியும் நாளில் மொத்தப் பூவும் கையில் நிற்கும். நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று பகுதியாக வெட்டுவதே என் யோசனை.

காய்ந்த, நோயுற்ற, குறுக்கே ஓடும் கிளைகளை முதலில் எடுங்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிர்களையும் விடக்கூடாது. மற்ற கிளைகளில் சென்ற பருவ வளர்ச்சியில் பாதியை, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். வெட்டுவாய் வழியாக நுனிக்கருகல் பூசணம் நுழைந்து கிளை மேலிருந்து கீழாகக் கருகும். ஆகவே வெட்டிய அன்றே போர்டோ பசை தடவுங்கள். ஆள் இல்லை என்று மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். கருகிய கிளையைப் பச்சைத் தண்டு வரை வெட்டி எரியுங்கள். அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். உதிர்ந்த இலைகளைப் பாத்தியில் விட்டால் கரும்புள்ளி நோய் அங்கிருந்தே திரும்ப வரும்.

திறந்தவெளித் தோட்டத்தில் கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ தொழு உரம், தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல்சத்து 12 கிராம் இடுங்கள். இதே அளவை ஜூலையில் மறுமுறை இடலாம். பசுமைக்குடிலில் சொட்டுநீர் வழியே உரம் கொடுப்போருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.