பட்டது முந்தியா, பொந்து முந்தியா? தீவகப் பனையும் மரங்கொத்தியும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்தின் ஊர்காவற்றுறைப் பக்கம் போகிறவர் கண்ணில் வட்டில்லாத பனைகள் படாமல் போகா. இடி விழுந்தவை சில, முதுமையில் பட்டவை சில, போர்க்காலத்தில் எறிகணை தலையைக் கொய்துகொண்டு போனவை சில. இப்படி நிற்கும் பனையின் மேற்பாதியில் வட்டமான பொந்து ஒன்றும் அதன் வாயில் மஞ்சள் முதுகுடைய மரங்கொத்தி ஒன்றும் தெரிந்தால், பார்க்கிறவர் மனம் இரண்டையும் உடனே முடிச்சுப் போட்டுவிடுகிறது: கொத்தியதால் பட்டது. முதலில் நடந்தது எது, பின்னால் நடந்தது எது என்ற வரிசை தலைகீழாகிவிட்டதால் வந்த முடிவு இது. தீவகத்தைப் பொறுத்தவரை அது பிழையான முடிவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழில் இப்பறவைக்கு வழங்கும் இரண்டு பெயர்களிலேயே இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. 'மரங்கொத்தி' என்னும்போது குற்றச்சாட்டின் சாயல் விழுகிறது. 'தச்சன்குருவி' என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தரும் மதிப்பு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று பழமொழி சொல்லும். இந்தத் தச்சனும் பல மரத்தைத் தட்டிப் பார்த்த பிறகே ஒன்றைத் தெரிகிறது. அந்தத் தெரிவு எதைக் கொண்டு நடக்கிறது என்று பார்த்தால் வழக்கின் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் எந்தப் பறவை என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். இலங்கையின் பெரும்பகுதியில் காணப்படுவது செம்முதுகு மரங்கொத்தி. வடக்கில் வாழ்வது பொன்முதுகு மரங்கொத்தி. தமிழகத்துத் தோப்புகளில் உள்ள பறவையின் நெருங்கிய உறவு அது. பறவையியலாளர் ஹியூ விஸ்லரின் பணி 1944 இல் வெளியானபோது, வடக்குப் பறவையின் துணையினப் பெயரிலேயே யாழ்ப்பாணம் ஏறிக்கொண்டது. செம்முதுகுப் பறவையைத் தனி இனமாகக் கொள்வதற்கான உடல், மரபணுச் சான்றுகளைச் சமிந்த பெர்னாண்டோ, டேரன் அர்வின், சம்பத் செனவிரத்ன ஆகியோர் 2016 இல் வெளியிட்டனர். நம் வழக்குக்கு இவ்விரண்டின் வேறுபாட்டைவிட ஒற்றுமையே முக்கியம். எறும்புகளும் வண்டுப் புழுக்களும் இரண்டுக்கும் முதன்மை உணவு. மரச்சாற்றைக் குடித்து வாழும் பறவைகள் அல்ல இவை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மரங்கொத்திகள் மரத்தைக் கொல்லும் என்பதற்கு எழுத்தில் உள்ள வலுவான சான்று வட அமெரிக்காவின் சாறுறிஞ்சி மரங்கொத்திகளைப் பற்றியது. அந்த இனக்குழு அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இல்லை. உயிருள்ள மரத்தின் பட்டையில் வரிசை வரிசையாகச் சிறு கிணறுகள் தோண்டி, ஊறும் சாற்றை அது குடிக்கும். மெக்காட்டி 1911 இல் அமெரிக்க வேளாண் திணைக்களத்துக்காக எழுதிய நூல் இந்தச் சேதத்தை விரிவாகப் பதிவு செய்தது. 1969 இல் ரஷ்மோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. சாறுறிஞ்சி தாக்கிய சாம்பல் பேர்ச் மரங்களில் 67 வீதமும் செம்மேப்பிள் மரங்களில் 40 வீதமும் இறந்தன. அதே பறவை கொத்திய ஹெம்லொக் மரங்களில் இறந்தது 1 வீதமே. எனவே பறவை மரத்தைக் கெடுக்குமா என்று பொதுவில் கேட்டால் விடை கிடைக்காது. எந்தப் பறவை, எந்த மரம் என்று கேட்கவேண்டும். ரஷ்மோரின் எண்களை மறைத்துவிட்டு மரங்கொத்தியை முற்றிலும் நிரபராதியாக்கும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த எண்களைப் பனங்கூடலுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதும் அதே அளவு தவறு.

பேர்ச் ஏன் இறக்கிறது? பட்டைக்கு அடியில், இலையில் ஆக்கிய உணவை வேருக்கு இறக்கும் மெல்லிய உயிர்ப்படை ஒன்று மரத்தைச் சுற்றி வளையமாக இருக்கிறது. கிணறுகள் நெருங்கி அந்த வளையத்தைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். நம் வேம்பும் பூவரசும் இந்த வகை மரங்களே. வேம்பின் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் அது பட்டுப்போகும் என்பது வளவு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புழு தேடிக் கொத்தும் பொன்முதுகு மரங்கொத்தி அப்படி வளையம் போடுவதில்லை. மேலும் இவ்வகை மரங்கள் காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அழுகலை ஓர் அறைக்குள் அடைத்துவிடுகின்றன. அலெக்ஸ் ஷைகோ பல்லாயிரம் மரங்களைப் பிளந்து பார்த்து இதை நிறுவினார்.

பனைக்கு அந்த வளையமே கிடையாது. அது ஒருவித்திலை மரம். நீரையும் உணவையும் கடத்தும் நார்க்கற்றைகள் தண்டின் குறுக்குவெட்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறத்தில் நெருக்கமாக, உள்ளே ஐதாக. ஒரு பக்கத்தில் கையளவு பொந்து விழுந்தால் அந்த வழியே போன கற்றைகள் மட்டும் அறுபடும். மற்றவை தம் வேலையைத் தொடரும். பனையின் உயிர் முழுவதும் உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்தில் தங்கியிருக்கிறது. குருத்துப் போனால் மரம் போயிற்று. தண்டில் விழும் துளை குருத்தைத் தொடுவதில்லை. ஆனால் பனையின் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது: காயத்தை மூடி வளரும் ஆற்றல் அதற்கில்லை. வேம்பில் விழுந்த வடு காலத்தில் மூடும். பனையில் விழுந்த பொந்து, பனை நிற்கும் வரைக்கும் பொந்துதான்.

சீவல் தொழிலை அறிந்தவருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. பாளையை நாள்தோறும் மெல்லிதாகச் சீவி, முட்டி கட்டி, மாதக்கணக்கில் கள்ளோ கருப்பநீரோ இறக்குகிறோம். சாற்றுக்காக மரத்தைக் காயப்படுத்துவது என்ற வகையில் சாறுறிஞ்சிப் பறவை பேர்ச்சில் செய்வதும் இதுவே. பேர்ச் இறக்கிறது, பனை அடுத்த ஆண்டும் பாளை தள்ளுகிறது. காயம் எந்த மரத்தில், எந்த உறுப்பில் விழுகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பனையில் ஏறியவர்களின் கையில் இருந்த இந்த அறிவைத் தாவரவியல் நூல்கள் வேறு சொற்களில் சொல்கின்றன.

இனித் தச்சனின் தெரிவுக்கு வருவோம். முற்றிய பனையின் வெளிவைரம் கோடாலியையே திருப்பி அனுப்பும். தீராந்திக்கும் சிலாகைக்கும் துலாவுக்கும் நம்மவர் அதைத் தேர்ந்தது அந்த வைரத்துக்காகவே. கூடு குடைய வரும் பறவை அதில் வீணாக உழைப்பதில்லை. மரம் பட்டு, மழை இறங்கி, உள்ளே இருக்கும் சோறு இற்று, மேற்பகுதி மெலிந்த பின்பே அதற்கு வேலை எளிதாகிறது. வேறு நாட்டு மரங்களிலும் இதே நிலைதான். உள்ளே பூஞ்சை பற்றி மென்மையான மரத்தை மரங்கொத்திகள் தேடிப்பிடிக்கின்றன என்பதை ரிச்சர்ட் கொனர் குழுவினர் 1970களில் காட்டினர். ஆக, பொந்து இறப்பின் பின்னே வருவது. பட்ட பனையில் பொந்தைக் கண்டு பறவையைக் குற்றம் சாட்டுவது, செத்த வீட்டில் பறையொலி கேட்டு, பறையால்தான் சாவு வந்தது என்று சொல்வதைப் போன்றது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் இரண்டைத் தட்டிக் கழிக்க முடியாது. பறவையே பூஞ்சையைச் சுமந்து வந்து நல்ல மரத்தை இற்றுப்போகச் செய்யலாமே என்பது முதலாவது. மிஷெல் ஜுசினோவும் உடன் ஆய்வாளர்களும் 2016 இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு வலுவூட்டுகிறது. உயிருள்ள பைன் மரங்களில் கிருமி நீக்கிய கருவியால் துளைகளிட்டு, பாதியைப் பறவை நுழைய முடியாதபடி அடைத்து, 26 மாதம் காத்திருந்தனர். பறவை நுழைந்த துளைகளில் அதன் இயற்கைப் பொந்துகளில் காணப்படும் பூஞ்சைக் கூட்டமே குடியேறியிருந்தது. அடைத்தவற்றில் குடியேறியது வேறு கூட்டம். ஆக, பறவை பூஞ்சையைக் கொண்டுசெல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வுக்குரிய செங்கொண்டை மரங்கொத்தி உயிருள்ள பைனில் குடையும் அரிய வழக்கம் உடையது. பட்ட பனைக்குப் பூஞ்சை கொண்டுவருவதற்குப் பறவை தேவையில்லை. வடகீழ்ப் பருவமழை ஒன்றே போதும்.

காயத்தின் வழியே செங்கூன்வண்டு முட்டையிடும் என்ற கவலை இன்னொன்று. இது தென்னைக்கு மெய்யான ஆபத்து, ஏனெனில் மென்திசுவும் காயத்தின் வாடையும் அவ்வண்டை இழுக்கின்றன. ஆனால் செங்கூன்வண்டுக்கு வாசல் திறப்பதில் முதலிடம் காண்டாமிருக வண்டுக்கு உரியது. அது குருத்தையே குடைகிறது. குருத்துக்குள் இறங்கும் வண்டையும் தண்டைத் தட்டிப் புழு பொறுக்கும் பறவையையும் ஒரே குற்றப்பத்திரிகையில் எழுதக்கூடாது.

மரத்தடியின் பெறுமதி குறையுமே என்று கேட்கலாம். குறையும், ஆனால் கொஞ்சம்தான். பனந்தடியில் வைரம் செறிந்திருப்பது அடிப்பாகத்தின் வெளிவளையத்தில். கைமரத்துக்கு எடுப்பது அந்தப் பாகம். பறவை குடைவது, தச்சர் பெரும்பாலும் கழித்துவிடும் நுனிப்பக்கத்தில்.

எனக்கு உண்மையிலேயே சங்கடம் தரும் எதிர்வாதம் பொந்தைப் பற்றியதல்ல, பட்ட பனையைப் பற்றியது. காண்டாமிருக வண்டின் புழு இற்றுப்போன மரக்குற்றிகளிலும் எருக்குவியல்களிலும் வளர்கிறது. அதனால் பட்ட தென்னையையும் பனையையும் உடனே அகற்றுங்கள் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. இளந்தென்னை நட்ட வளவுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்கத்தான் வேண்டும். விழுந்து நிலத்தில் ஈரமாகக் கிடக்கும் குற்றியைக் கிளப்பவும் வேண்டும். ஆனால் புங்குடுதீவிலும் வேலணையிலும் தென்னந்தோட்டத்துக்கு வெகுதூரத்தில், வெறும் தரவையோரத்தில், சோறு முழுதும் உதிர்ந்து வைரக்கூடாக நிற்கும் பழைய பனையில் அந்தப் புழுவுக்குத் தின்ன எதுவும் மிச்சமில்லை. அதையும் தறிப்பதால் நாம் இழப்பது அதிகம்.

காடில்லாத தீவுகள் இவை. கிளுவைக் கதியாலிலும் பூவரசங்கதியாலிலும் பறவை கூடு குடையும் பருமன் இல்லை. போரில் காப்பரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையில் தறிக்கப்பட்ட பிறகு, பொந்துள்ள மரம் அருமையானது. மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன வீட்டில் கிளி குடியேறும், மைனா குடியேறும். தானே குடையத் தெரியாத பனங்காடையும் இற்ற பனையின் பொந்துகளில்தான் முட்டையிடுகிறது. வயல்வெளியின் வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்னும் அந்த நீலச் சிறகுப் பறவைக்கு நம் முன்னோர் பனையின் பெயரை வைத்தார்கள். அதன் வீட்டை ஒழுங்குபடுத்துகிறோம் என்று சொல்லி நாம் தறித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை சுருக்கமானது. குறிகட்டுவான் வரையுள்ள வீதிகளில் ஆளுக்கோ மின்கம்பிக்கோ விழக்கூடிய பட்ட பனையைத் தறியுங்கள். தென்னைக்கு அருகில் உள்ளதையும் தறியுங்கள். மற்றவற்றில் பொந்து இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால், அடுத்த மாரி அதைத் தானாகச் சாய்க்கும் வரைக்கும் நிற்கட்டும்.