ஹிஸ்டோன் ஆய்வு வரலாறு
உயிரணுக் கருவில் டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்கள் ஹிஸ்டோன்கள் எனப்படும். மனித உயிரணு ஒன்றிலுள்ள ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ., நுண்ணிய கருவுக்குள் அடங்க இவை உதவுகின்றன. 1884 இல் ஆல்பிரெக்ட் கோசெல் இவற்றைப் பறவைகளின் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்தார் (மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் கரு இல்லை). எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த அலகைச் சுற்றி டி.என்.ஏ. அமைந்துள்ளதை 1974 இல் ரோஜர் கோர்ன்பெர்க் விளக்கினார்.

ஆயினும் நெடுங்காலம் இவை வெறும் பொதிபொருளாகவே கருதப்பட்டன. ஹிஸ்டோனில் அசெட்டைல் தொகுதி சேர்வது மரபணு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தலாம் என்று வின்சென்ட் ஆல்ஃபிரே 1964 இலேயே கூறியிருந்தார். கருத்து சரியானதே, ஆனால் அதைச் செய்யும் நொதி எதுவெனத் தெரியவில்லை. 32 ஆண்டுகள் கழித்து, டேவிட் ஆலிஸ் குழுவினர் டெட்ராஹைமினா என்னும் ஒருசெல் உயிரியில் அந்நொதியை இனங்கண்டனர். ஈஸ்ட்டில் மரபணுக்களைத் தூண்டுவதாக முன்பே அறியப்பட்டிருந்த ஒரு புரதத்தை அது ஒத்திருந்தது.